பிடியரிசிக்காரிகளுக்கு நாலு பக்கம்

கிட்ட வாங்க, என் கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ரோட்டில் லாரி போகிற சத்தத்தில் என் குரல் முங்கிப் போகும். ஓடிக்கொண்டிருந்த அச்சு இயந்திரத்தை ஒரே ஒரு பெயர் நிறுத்தி வைத்த கதை சொல்லப் போகிறேன். சிரிப்பு வந்தால் அதற்கு நான் பொறுப்பு. கண்ணில் தண்ணீர் வந்தால் அது உங்கள் பாடு.

அறுபத்தாறாம் வருடம். தாராவியில் தோல் கிட்டங்கிகளுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்னக் கோயிலுக்கு முப்பது வயது நிறைந்திருந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்த கிறிஸ்தவ சனங்கள் கட்டிய வேதக்கோயில். தகரக் கூரை, சுண்ணாம்புச் சுவர், வாசலில் ஒரு மணிக்கம்பம். மழை பெய்தால் பிரசங்கம் கேட்காது, தகரம்தான் கேட்கும். முப்பதாம் வருடப் பண்டிகைக்கு ஊர்கூடி உண்ண அசனம் ஆக்கிப் போடுவது என்றும், சபையின் சரித்திரத்தைப் புத்தகமாக அடிப்பது என்றும் முடிவாகியிருந்தது. எழுதுகிறவர் மூப்பர் குருபாதம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். குடை இல்லாத குருபாதத்தை அவருடைய நிழலுக்கே அடையாளம் தெரியாது என்பார்கள்.

நம் கதையின் நாயகி வேதமணி. வயது முப்பத்தைந்து. பகலில் ஒரு பட்டறையில் தோல் பைக்குக் கைப்பிடி தைப்பாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால், மாதுங்கா அச்சகத்துக்கும் குருபாதத்துக்கும் நடுவில் புரூஃப் தாள்களைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் வேலையும் அவள் தலையில் விழுந்திருந்தது. புதன்கிழமை சாயங்காலம் பெண்கள் சங்கத்தில் புத்தகம் வாசிப்பவளும் அவள்தான். இங்கிலீஷ் புத்தகம் என்றால் வாசித்துத் தமிழில் சொல்வாள். புரியாத இடத்தில் படத்தைப் பார்த்துச் சமாளிப்பாள். அந்த இடத்தில்தான் கதை இன்னும் ருசியாக இருக்கும்.

அந்தப் புதன்கிழமை அவள் கையில் ஒரு புதுப் புத்தகம் இருந்தது. கடல் கடந்த ஒரு சபை, நம் கோயில் வாசகசாலைக்கு அனுப்பிய பார்சலில் வந்தது. அட்டையின் மொடமொடப்பு இன்னும் போகவில்லை. அமெரிக்காவில் தங்கள் தங்கள் காரியத்தில் முதல் ஆளாய் நின்ற கறுப்பினப் பெண்களின் சரித்திரம். பக்கத்துக்குப் பக்கம் படம்.

பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள்.

"ஏட்டி, இங்க பாரு! எங்க சின்னம்மை மாதிரியே இருக்கா!" என்று கூவினாள் செல்லத்தாய். அவள் மீன் கூடை சுமக்கிறவள். அவளுக்கு மெதுவாய்ப் பேசத் தெரியாது. "அதே நெத்தி, அதே முறைப்பு!"

"இவ பேரு மேரி," என்றாள் வேதமணி.

"மேரியா! நம்ம தெருவுல பாதிப் பேரு மேரிதான!"

"சொல்ல விடுங்க அக்கா. இவ சீனிக்கிழங்குல பணியாரம் மாதிரி ஒண்ணு செஞ்சு வித்து, அந்தத் துட்டுல கறுப்புப் பொம்பளப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வச்சாளாம்."

"சீனிக்கிழங்குலயா!" சங்கமே வாயைப் பிளந்தது. அவித்துத் தின்ன மட்டும்தான் ஆகும் என்று நினைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு பள்ளிக்கூடம் கட்டியிருக்கிறதே.

வேதமணி பக்கத்தைத் திருப்பினாள். அடிமைப்பட்ட சனங்களைக் காட்டு வழியாக ஒளித்துக் கூட்டிப்போய் விடுதலையாக்கிய ஹாரியட். "பொம்பள மோசே!" என்று ஒருத்தி கைதட்டினாள். அடுத்தது பெஸ்ஸி. விமானம் ஓட்டப் படிக்க அவள் ஊரில் யாரும் சேர்த்துக்கொள்ளாததால், பிரெஞ்சு பாஷை கற்று, கப்பலேறிப் போய்ப் படித்து, வானத்தில் பறந்தவள். அதைக் கேட்டதும் செல்லத்தாய் எழுந்தே விட்டாள். "எனக்கு மாஹிம் பஸ்ஸுல ஏறவே இடம் தர மாட்டேங்கான். இவ ஏரோப்பிளேன் ஓட்டிருக்கா பாரு!"

சிரிப்பு அடங்கியதும் அவளே படத்தின் மேல் விரல் வைத்தாள். "கீழ என்னமோ எழுதியிருக்கே, என்ன அது?"

"அவ பேரு."

"புருசன் பேரா?"

"இல்லக்கா. அவ பேரு. முழுப் பேரு. எல்லாப் படத்துக்கும் அடியில இருக்கு."

பெண்கள் ஒவ்வொருவராய் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தார்கள்.

மூலையில் சுவரில் சாய்ந்திருந்த கடையத்தாள் தொண்டையைச் செருமினாள். கடையத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்ததால் அவள் கடையத்தாள். நம் பெண்களுக்குக் கல்யாணமானால் பெயர் போய்விடும், ஊர்ப்பெயர்தான் மிச்சம். சாயர்புரத்தாள், புளியங்குடியாள், கடையத்தாள். இந்தக் கடையத்தாள் குருபாதத்தின் மனைவி.

"நம்ம கோயிலுக்கும் புஸ்தகம் அடிக்காவளே. அதுல நம்மளப் பத்தி என்ன எழுதியிருக்கு?"

"உங்க வீட்டுலதான பெரியம்மை எழுதுதாவ? உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு எழுத்து எங்க தெரியும்? அவிய எழுதும்போது நான் விளக்குக்கு எண்ணெய் ஊத்துதேன். அதுதான் எனக்கும் சரித்திரத்துக்கும் உள்ள சொந்தம்."

வேதமணியின் பையில் கடைசிப் புரூஃப் தாள்கள் இருந்தன. எடுத்து வாசித்தாள். கோயிலுக்கு இடம் தேடிய மூப்பர்கள், பாய்க்கொட்டகை போட்ட மூப்பர்கள், நிலத்துக்கு உரிமை கொண்டாடி இடிக்க வந்தவர்களை "ஜெபத்தினாலும் உறுதியினாலும்" திருப்பி அனுப்பிய மூப்பர்கள். கடைசியில் ஒரு வரி: "ஸ்திரீகளும் தங்களாலான ஒத்தாசை செய்தார்கள்."

"ஒத்தாசையா?" என்றாள் செல்லத்தாய். "பொங்குன சோத்துக்கு ஒத்தாசை செஞ்ச அடுப்பு மாதிரியா?"

எல்லாரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். என்ன நடந்தது என்று அங்கே தெரியாதவர்கள் இல்லை. கொட்டகையை இடிக்க ஆட்கள் வந்தது பட்டப்பகலில். ஆண்கள் அத்தனை பேரும் வேலைக்குப் போயிருந்தார்கள். மூன்று பெண்கள் ஆளுக்கொரு மண்ணடுப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், மூட்டி, கஞ்சிப் பானையை ஏற்றினார்கள். அடுப்பெரிகிற வீட்டை இடிக்கக் கூடாது. இடித்தால் அந்தப் பாவம் ஏழு தலைமுறைக்கும் ஒட்டும். இடிக்க வந்தவர்களும் நம் ஊர்ப் பக்கத்து ஆட்கள்தான். கடப்பாறையைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். கஞ்சி வெந்ததும் அவர்களுக்கும் ஊற்றிக் கொடுத்தாள் கடையத்தாள். குடித்த வாயோடு இடிக்க முடியுமா? போய்விட்டார்கள்.

அதற்கப்புறம் அந்த மூன்று பேரும்தான் பிடியரிசிப் பானை தூக்கினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் உலையில் போடுமுன் கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கச் சொல்லி, வீடு வீடாய் வாங்கி, ஏலம் போட்டு, அதில் சுவர் எழுப்பினார்கள். கடற்கழி ஓரத்திலிருந்து மணலைத் தகர டின்னில் சுமந்ததும் அவர்களே. ஒருத்தி கடையத்தாள். ஒருத்தி புளியங்குடியாள். மூன்றாமவள் சாயர்புரத்தாள், வேதமணியைப் பெற்றவள். செத்துப் பத்து வருடமாகிறது. அந்தக் கஞ்சிப் புகை வேதமணிக்கு இன்னும் நினைவிருக்கிறது. அம்மா மடியில் உட்கார்ந்து இருமியவள் அவள்.

"பெரியம்மை, இத நான் விட மாட்டேன்," என்றாள் வேதமணி.

மறுநாள் பட்டறைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, பாலம் ஏறி இறங்கி மாதுங்காவுக்கு ஓடினாள். அச்சகத்துக்காரர் சுந்தரராமன் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டார்.

"அம்மா, புஸ்தகம்ங்கறது பதினாறு பதினாறு பக்கமா, பாரம் பாரமா மெஷின்ல ஏறும். ஒங்க புஸ்தகம் கடைசிப் பாரத்துல பன்னண்டோட முடிஞ்சுடுத்து. நாலு பக்கம் வெறுமனேதான் போகப் போறது."

வேதமணி மேசையருகே ஒரு அடி முன்னால் வந்தாள். "அந்த நாலையும் எங்களுக்குக் குடுப்பீங்களா சார்?"

"நேக்கென்ன? எழுதினவர் சரின்னா சரி. ஆனா சனிக்கிழமை மத்தியானம் கடைசிப் பாரம் மெஷின்ல ஏறிடும். அப்பறம் அந்த பிரம்மாவே வந்து நின்னாலும் ஒரு எழுத்து மாத்த முடியாது."

அன்று சாயங்காலமே குருபாதம் வீட்டில் ஐந்தாறு பெண்கள் நின்றார்கள். அறை சின்னது, குடைக்கே ஒரு மூலை ஒதுக்கியிருந்தது. கடையத்தாள் ஸ்டவ்வில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள்.

குருபாதம் கெட்டவர் இல்லை, மக்களே. எழுத்து என்றால் அவருக்குப் பயபக்தி, அவ்வளவுதான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெல்லச் சொன்னார்: "நடந்தது நடந்ததுதான், வேதம். நான் மறுக்கல. ஆனா அச்சுல 'கடையத்தாள்', 'புளியங்குடியாள்'னு போடலாமா? நாளைக்கு வாசிக்கவன் ஊரு கோயில் கட்டிச்சான்னு கேப்பான். சரித்திரம்னா பேரு வேணும். மூணு பேருக்கும் முழுப் பேரு இருந்தா நாலு பக்கத்தையும் எடுத்துக்கோ. ஒண்ணு குறைஞ்சாலும் வேண்டாம். பாதிப் பேருக்குப் பேரும், பாதிப் பேருக்கு ஊரும்னா அது சரித்திரமில்ல, பஸ் ஸ்டாண்டு."

"பெரியப்பா, சத்தியமா?"

"சொன்னாச் சொன்னதுதான்."

ஸ்டவ்வின் பக்கம் தேக்கரண்டி டம்ளரில் ஒரு முறை பலமாக இடித்தது. குருபாதம் திரும்பிப் பார்க்கவில்லை. "ஏளா, டீயக் குடு," என்றார்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தோல் வெட்டும் அளவுக் காகிதத்தின் பின்பக்கத்தில் வேதமணி அந்த நாலு பக்கத்தையும் எழுதி முடித்தாள். சோற்றை மறந்தாள். முதலில் எழுதிய பெயர்: சாயர்புரம் தங்கபுஷ்பம். அம்மாவின் பெயரை அவள் தாளில் எழுதியது அதுவே முதல் தடவை.

வேலை முடிந்ததும் சயான் ஸ்டேஷனில் ரயில் பிடித்து விக்ரோலி. புளியங்குடியாள் மகனுக்கு அங்கே பாக்டரியில் வேலை. குடும்பத்தோடு அங்கே போய்விட்டாள். வாசலில் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தவள் வேதமணியைக் கண்டதும் சுளகைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"சாயர்புரத்தா மவளா! அதே மூஞ்சி! வா ளா, வா!"

"சித்தி, ஒங்க பேரு என்ன?"

"என்னட்டி கேள்வி இது? ரேஷன்காரன் மாதிரி!"

வேதமணி மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்கக் கிழவியின் முகத்தில் வெயில் ஏறியது. கடைசியில் சட்டென்று மேகம் மூடியது.

"எம்பேரு முப்பிடாதி. முப்பிடாதியம்மா. நான் இன்னும் அம்மனக் கும்பிடுதவ ளா. வேதக்காரவுக புஸ்தகத்துல எம்பேரப் போட்டா வைவாங்க. அன்னைக்கு ஒங்க அம்ம கூப்பிட்டா, அடுப்பத் தூக்கிட்டு வந்தேன். அவ்வளவுதான்."

"மணலு சுமந்த தலைட்ட நீ எந்தச் சாமின்னு அன்னைக்கு யாராச்சும் கேட்டாவளா, சித்தி?"

கிழவி யோசித்தாள். பிறகு உரக்கச் சிரித்தாள். "டின்னு ஓட்டை! அதக் கேக்கவே நேரமில்ல!" உள்ளே திரும்பி மருமகளிடம் கத்தினாள்: "ஏ பிள்ள, எஞ் சீலைய எடு! நாளைக்கு நானும் போறேன். எம்பேரு இயந்திரத்துல ஏறுதத இந்தக் கண்ணால பாக்கணும்!"

இரண்டு பெயர் ஆயிற்று. மூன்றாவது? அது சட்டைப்பையில் இருப்பது போலத்தான் என்று வேதமணி நினைத்தாள். விளக்கு வைத்த பிறகு திரும்பி வந்து, குழாயடியில் கடையத்தாளைப் பிடித்தாள்.

"பெரியம்மை, ஒங்க பேரச் சொல்லுங்க. முடிஞ்சுது!"

கடையத்தாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "சொல்ல மாட்டேன்."

"என்னது?"

"எம்பேரு ரேசன் கார்டுல இருக்கு. எம் பிள்ளைகளுக்குத் தெரியும். ஒனக்கும் கேட்டாத் தெரியும். ஆனா எழுதப்படாது. அந்த மனுசன் சொன்னாவல்லா, சரித்திரம்னா பேரு வேணும்னு? நான் வாழ்க்கைப்பட்டு நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. ஏளாங்காவ, இந்தாங்காவ, பிள்ள பெறந்தப்புறம் அவன் அம்மைங்காவ. ஒரே ஒரு தரம், ஊருல கோயில்ல, தாலி கட்டும்போது குருவானவர் சொல்லிக் குடுத்து எம்பேரச் சொன்னாவ. அதோட சரி. எம்பேரு அச்சுல ஏறணும்னா, அவிய வாயால, நாலு பேரு கேக்கச் சொல்லட்டும். இல்லன்னா வேண்டாம்."

"பெரியம்மை, ஒண்ணு குறைஞ்சா மூணும் போச்சு! எங்க அம்மை பேரு..."

கடையத்தாள் குடத்தை இறக்கி வைத்தாள். ஈரக்கையால் வேதமணியின் கன்னத்தைத் தொட்டாள். "ஒங்க அம்மை இருந்தா என் பக்கம்தான் நிப்பா. நீ போயி அவியட்ட சொல்லு."

போய்ச் சொன்னாள். குருபாதம் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்.

"பெண்டாட்டி பேர ஆம்பள சபைல சொல்லுததா? ஒரு துண்டுத் தாள்ல எழுதித் தாரேன், கொண்டு போ."

"எழுதுனது செல்லாதாம், பெரியப்பா. வாயால சொல்லணுமாம்."

"அவளுக்கு எங்க இருந்து வந்துச்சு இந்தப் புத்தி?"

"பெஸ்ஸிட்ட இருந்து," என்றாள் வேதமணி.

"யாரு அது? எந்தத் தெரு?"

சனிக்கிழமை காலையில் தாராவியிலிருந்து மாதுங்காவுக்குப் பாலத்தின் மேல் ஒரு ஊர்வலம் போனது. முன்னால் விக்ரோலியிலிருந்து வந்த முப்பிடாதி, தலை நிறையப் பூவோடு. அப்புறம் வேதமணி, செல்லத்தாய், சங்கத்துப் பெண்கள். எல்லாருக்கும் பின்னால், கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சீலையில் கடையத்தாள். ஹோட்டல் வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் என்ன திருவிழா என்று எட்டிப் பார்த்தார்கள்.

அச்சகத்துக்குள் மை வாசனை. முன்பாரங்கள் ஓடிக்கொண்டிருந்தன, இயந்திரம் தடக் தடக்கென்று தாள் விழுங்கித் துப்பியது. ஈய எழுத்துக் கோக்கும் பஞ்சு, முதல்நாள் ராத்திரி வேதமணி கொண்டுவந்து கொடுத்த நாலு பக்கத்தையும் கோத்து வைத்திருந்தார். நடுவில் ஒரு பல் விழுந்த மாதிரி ஓரிடம் காலி. பெண்களைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது. "சார், மொத்தத் தாராவியும் வந்துடுத்து!"

குருபாதம் வந்தபாடில்லை. வேதமணி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். சுந்தரராமன் கடிகாரத்தைப் பார்த்தார். "கடைசிப் பாரம்தான் பாக்கி. மெஷினை நிறுத்தி வச்சுண்டு எவ்வளவு நேரம்மா காத்திண்டிருக்கறது? சாயங்காலம் வேற வேலை ஏறணும்."

இயந்திரம் நின்றது. வேதமணி கோத்து வைத்த பக்கங்களுக்குக் கிட்டே போய் நின்றாள். அம்மாவின் பெயர் அதோ, ஈயத்தில், கையெட்டும் தூரத்தில் திரும்பிப் படுத்திருக்கிறது. அவிழ்த்துப் போட்டால் ஒரு நிமிஷத்தில் வெறும் எழுத்துக் குவியல். கடையத்தாளைப் பார்த்தாள். அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் முதலில் குடை வந்தது. அப்புறம் குருபாதம். அன்று மழையும் இல்லை, வெயிலும் இல்லை. முகத்தை மறைக்கத்தான் விரித்துக்கொண்டு வந்திருந்தார்.

"எழுத்தெல்லாம் கோத்தாச்சு, பேர் மட்டும்தான் பாக்கி," என்றார் பஞ்சு, கோக்கும் சட்டத்தை இடது கையில் தூக்கியபடி. "சொல்லுங்கோ சார்."

குருபாதம் குடையை மடக்கினார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். வாயைத் திறந்தார், மூடினார். செல்லத்தாய் மட்டும், "மீனு மாதிரி முழிக்காவளே," என்றாள் தணிந்த குரலில். அவளுடைய தணிந்த குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது.

"ஏளா..." என்றார் குருபாதம்.

"அது எம்பேரு இல்ல," என்றாள் கடையத்தாள்.

அவர் அவளைப் பார்த்தார். எத்தனையோ வருடமாய்த் தட்டையும் டம்ளரையும் பார்த்தவர், அன்று ஆளைப் பார்த்தார். வெறும் பெயராகச் சொல்ல அவருக்கு நா எழும்பவில்லை. அந்தப் பெயரை அவர் ஒரே ஒரு வழியில்தான் சொல்லிப் பழகியிருந்தார். அந்த வழியிலேயே ஆரம்பித்தார், கோயிலில் நிற்பது போல நிமிர்ந்து, உரக்க:

"குருபாதம் ஆகிய நான், பரிபூரணம் ஆகிய உன்னை..."

அவ்வளவுதான். மிச்சம் யாருக்குக் கேட்டது? அச்சகமே சிரிப்பில் கிடுகிடுத்தது. முப்பிடாதி குலவை போட்டாள். செல்லத்தாய், "மறுக்கா தாலி எங்க, கொண்டாங்க!" என்று கத்தினாள். சுந்தரராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பஞ்சுவின் விரல்கள் எழுத்துப் பெட்டியில் கோழி தானியம் கொத்துவது போலக் கொத்தின: ப, ரி, பூ, ர, ண, ம்.

கடையத்தாள், இல்லை, பரிபூரணம், சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று வேதமணிக்குத் தெரியவில்லை. "அன்னைக்கும் இப்படித்தான் வேர்த்துச்சு அவியளுக்கு," என்றாள்.

இயந்திரம் மறுபடி தடக் தடக்கென்றது. முதல் தாளைச் சுந்தரராமன் ஈரத்தோடு எடுத்து வேதமணி கையில் கொடுத்தார். மூன்று பெயரும் முழுசாக இருந்தன. முப்பிடாதி தன் பெயர் எங்கே என்று கேட்டு, காட்டிய இடத்தில் விரலை வைத்துத் தடவினாள்; மை விரலில் ஒட்டிக்கொண்டது. விக்ரோலி போய்ச் சேரும் வரைக்கும் அவள் அந்த விரலைக் கழுவவில்லையாம். வேதமணி தாளை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். மை வாசனைதான் அடித்தது. அவளுக்கென்னவோ கஞ்சிப் புகையாக மணந்தது.

பண்டிகை அன்று அசனத்துக்கு உட்கார்ந்தவர்கள் இலையில் சோறு விழுமுன்னே புத்தகத்தைப் பின்பக்கத்திலிருந்து திருப்பினார்கள். குருபாதம் எழுதிய முன்பக்கங்கள் பாவம், சாம்பாருக்கு அப்புறம்தான் வாசிக்கப்பட்டன. பரிமாறிக்கொண்டிருந்த பரிபூரணத்தைப் பந்தியின் நடுவிலிருந்து அவர் கூப்பிட்டார். பழக்கத்தில் "ஏளா" என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, பெயரைச் சொல்லித் தண்ணீர் கேட்டார். அவள் தண்ணீரைக் கொண்டுவராமல், "இன்னொரு தரம் சொல்லுங்க, கேக்கல," என்றாள்.

கதை கேட்ட என் செல்லங்களா, உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் எரியட்டும். உலையில் போட்டது போகப் பானையில் எப்போதும் ஒரு பிடி அரிசி மிஞ்சட்டும். உங்கள் வீட்டுப் பெண்களை வாய் நிறையப் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல்கள் உங்கள் வாசலில் பெருகட்டும்; கூப்பிட்ட குரலுக்கு "இதோ வாரேன்" என்று சிரித்துக்கொண்டே பதில் வரட்டும்.